கர்நூலுக்கு அப்புறம்

கொள்ளு ரசம் ஆறிக்கொண்டிருக்கும் வாசனைதான் எனக்கு ஜெபத்தின் வாசனை. சோறு வடித்து, ரசம் தாளித்து, தட்டுகளைக்கூட எடுத்து வைத்துவிட்டு, சாயங்காலம் ஏழு மணிக்கு அம்மா பாயை விரித்து எங்களை முழங்கால் போடச் சொல்வாள். ஜெபத்தை முடித்துவிட்டுச் சமைத்தால் என்ன என்று நானும் தம்பியும் எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தும், "பசியோட நின்னாத்தான் மனசு அங்க நிக்கும், கண்ணு" என்பாளே தவிர, வரிசையை மாற்றியதில்லை. எங்கள் மனசு நின்றதெல்லாம் ரசச் சட்டியின் மேல்தான் என்பதை இந்த வயதில் ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அப்பா லாரி டிரைவர். நாமக்கல்லில் பாரம் ஏற்றிக்கொண்டு நாக்பூர் வரை போய்த் திரும்பப் பன்னிரண்டு நாளும் ஆகும், பதினைந்து நாளும் ஆகும். அம்மாவின் பெயர் ராகேல். சேலத்தைத் தாண்டி வடக்கே ஒரு மைல் கல்லைக்கூட அவள் பார்த்ததில்லை; ஆனால் அப்பா சொல்லிச் சொல்லி அந்த ரோடு முழுவதும் அவளுக்கு மனப்பாடம். "கர்த்தாவே, ஓமலூர் தாண்டித் தொப்பூர் கணவாய் ஏறுகிற வண்டியின் இன்ஜினைச் சூடேறாமல் காத்தருளும்" என்று வேதப் புத்தகத் தமிழில் தொடங்கி, கிருஷ்ணகிரி, பெங்களூரு, அனந்தப்பூர், குத்தி, கர்நூல், ஜட்செர்லா, ஐதராபாத், நிர்மல், அதிலாபாத் என்று ஊர் ஊராக நின்று, செக்போஸ்ட்டில் இருப்பவருக்கு நல்ல மனசும், டீக்கடைக்காரருக்குச் சுத்தமான தண்ணீரும் கேட்டு, நாக்பூரில் பாரத்தை இறக்கிவைத்த பிறகு அதே ஊர்களைத் தலைகீழாகச் சொல்லிக்கொண்டு திரும்பி வருவாள். தொப்பூர் இறக்கத்தில் மட்டும் பிரேக்குக்காகத் தனியாக ஒரு மன்றாட்டு உண்டு. "எங்க ஊட்டு வாசல்ல வண்டி வந்து நிக்கோணும்" என்னும் இடத்தில் மாத்திரம் வேதத் தமிழ் நழுவி எங்கள் ஊர்த் தமிழ் வந்துவிடும். அது வந்தால் சோறு பக்கத்தில் வந்துவிட்டது என்று எங்களுக்குத் தெரியும்.

இது போதாதென்று எதிர்வீட்டுப் பழனியம்மாள் அக்கா வேறு. கோயில் கோயிலாக விளக்குப் போடுகிறவர், ஆனாலும் மகன் லாரியில் ஏறிய நாள் முதல் ஏழு மணிக்கு எங்கள் வாசலில் வந்து நின்றுவிடுவார். "ஏனுங்க ராகேலக்கா, எம் பையன் விசாகப்பட்டணம் போயிருக்கறானுங்க. உங்க சாமிகிட்ட அவனயும் ஒரு வார்த்தை சொல்லீருங்க" என்பார். ஒரு வார்த்தையா? விசாகப்பட்டணம் ரோட்டில் என்னென்ன ஊர் என்று விசாரித்து, அதையும் அம்மா பாடம் பண்ணிக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் சூடாக ரசம் குடித்ததில்லை.

அப்பா ஊரில் இருக்கும் நாட்களில் அவரும் பாயில் வந்து உட்காருவார். ஆனால் வாய் திறக்க மாட்டார். சபையிலும் அப்படித்தான், பாட்டுக்கு உதடு அசையும், சத்தம் வராது. சபைப் போதகர் ஐயர் கேட்டுப் பார்த்தார், அம்மா அழுதும் பார்த்தாள். "நீ சொன்னாத்தான் மேல கேக்கும். எம் பேச்செல்லாம் லாரி புக்கிங் ஆபீஸோட சரி" என்று சிரித்துவிடுவார். அம்மாவுக்கு வாழ்க்கையில் பட்டுச்சேலையிலோ நகையிலோ ஆசை இருந்து நான் பார்த்ததில்லை. கட்டிய புருஷன் ஒரே ஒருநாள் வாய்விட்டு ஜெபம் பண்ண, அதைக் காதால் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். "இவர் நாவையும் ஒருநாள் திறந்தருளும்" என்று அவர் பக்கத்தில் இருக்கும்போதே தினமும் கேட்பாள். அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்துச் சிமிட்டுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது அந்தப் பாவத்தைச் செய்தேன். அன்று பள்ளிக்கூடத்திலிருந்து கொலைப் பசியோடு வந்திருந்தேன். அம்மா கர்நூல் வரை போய், மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தினாள். அந்த இடைவெளியில் "ஆமென்!" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். தம்பியும் சட்டென்று "ஆமென்" என்றான். அம்மா கண்ணைத் திறந்து எங்கள் இருவரையும் பார்த்தாள். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து சோறு போட்டுவிட்டாள்.

அப்பா வரவேண்டிய நாளில் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. "அப்பாவ எங்கக்கா உட்டுட்ட?" என்று தம்பி என் காதில் கேட்டான். கர்நூலில் விட்டுவிட்டேன் என்பதில் எனக்கும் சந்தேகமே இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லி, மடியில் விழுந்து அழுதுகொண்டிருந்தபோது, வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. ஆக்சில் உடைந்து வண்டி கிருஷ்ணகிரியில் இரண்டு நாள் படுத்துவிட்டதாம். கர்நூலை அவர் எப்போதோ பத்திரமாகத் தாண்டிவிட்டார்! விஷயம் கேட்டு அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அம்மா மட்டும் என் தலையைக் கோதியபடி சொன்னாள்: "ஆண்டவருக்கு ரூட்டுத் தெரியாதா கண்ணு? நாஞ் சொல்றது அவருக்கில்ல. சொல்லீட்டே போனா நானும் உங்கொப்பா பக்கத்துல உக்காந்து போற மாதிரி இருக்குது."

அப்பா ஓய்வு பெற்று வீட்டோடு இருந்த பிறகும் அவள் விடவில்லை. ரோட்டில் யாராவது போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள் என்பாள். பிள்ளைகளைக் கரையேற்றி, பேரப்பிள்ளைகளின் தேர்வுகளையும் அந்த ரோட்டின் ஓரத்திலேயே சேர்த்துக்கொண்டு, எண்பத்தாறு வயது வரை தினமும் நாக்பூர் போய் வந்தாள். கடைசி வருஷத்தில் ஞாபகம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசகியது. நான் போயிருந்த ஒரு சாயங்காலம், "கர்நூல்..." என்று சொல்லி நின்றுவிட்டாள். மூச்சு வாங்குவதற்கு அல்ல. அடுத்த ஊர் வரவில்லை. உதடு மட்டும் தேடிக்கொண்டிருந்தது.

"ஜட்செர்லாங்க" என்று ஒரு குரல் கேட்டது. அப்பா! கண்ணை மூடிக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு, முதலாளியிடம் பேசுவதுபோல் ஆண்டவரிடம் பேசினார். "ஜட்செர்லா தாண்டி ஐதராபாத்துங்க. அங்க நெரிசல் சாஸ்திங்க, பாத்து உடோணும். அப்பறம் நிர்மலுங்க, காட்டு ரோடு..." நாக்பூர் போய், இறக்கி, ஏற்றி, ஓர் ஊர் விடாமல் திரும்பி, தொப்பூரில் பிரேக்கைப் பிடித்து, எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா கண்ணீரும் சிரிப்புமாக, "ஆமென்" என்றாள். பிறகு, "அறுபத்து மூணு வருசங் கழிச்சு வாயத் தொறந்தீங்களே" என்று அவர் தோளில் ஓர் அடி வைத்தாள். அதற்கப்புறம் பத்து மாதம் இருந்தாள். போகும் பாதி அவளுக்கு, வரும் பாதி அவருக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்.

இப்போது பழனியம்மாள் அக்காவின் பேரன் நான்கு லாரி வைத்திருக்கிறான். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று அவன் போனில் புள்ளி புள்ளியாகத் தெரிகிறது. அம்மா சொன்ன ஊர்கள் பலவற்றுக்குள் இன்று லாரி நுழைவதே இல்லை, பைபாஸ் வெளியே கொண்டுபோய்விடுகிறது. வாசலில் வந்து நின்று மகனுக்காக ஒரு வார்த்தை கேட்கவும் யாரும் இல்லை. அப்பாவுக்குத் தொண்ணூறு வயது. ஏழு மணிக்குப் பாய்க்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு பாதியையும் அவரே சொல்கிறார்.

போன வாரம் நான் போயிருந்தபோதும் சொன்னார். வண்டியை வாசலில் நிறுத்திய பிறகும் ஆமென் வரவில்லை. குரலைத் தாழ்த்தி, "ராகேலு போன ரோடு எனக்குத் தெரியாதுங்க. ஊர் பேரு ஒண்ணுகூடத் தெரியாது. தெரிஞ்சா சொல்லீட்டே கூடப் போவேன். நீங்களே பக்கத்துல உக்காந்து கூட்டீட்டுப் போங்க" என்றார்.

அடுப்படியிலிருந்து ரசத்தின் வாசனை வந்தது. நான் கண்ணைத் திறக்கவில்லை. ஆறினால் ஆறட்டும்.