கத்தரித் தோட்டத்தில் ஓயாத மோட்டார்

இன்று ஆரணி பக்கம், தம்பியின் கத்தரித் தோட்டத்துக்குப் போயிருந்தேன். சேற்றில் வேர் அழுகிய நாற்றம் குமட்டியது. சிறுவயதில் அப்பாவின் தோட்டத்திலும் இதே நாற்றம்தான்.

அப்போதே விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். எப்போது வரும் என்பதுதான் தெரியாது. அதனால் அப்பா மோட்டார் ஸ்டார்ட்டரை ஆட்டோவில் போட்டுவிடுவார். கரண்ட் வந்தால் தானாக ஓடும், போகும்வரை நிற்காது. பாத்தி நிரம்பி, வரப்பு உடைந்து, தண்ணீர் தெருவில் ஓடும். செடிகள் வேர் அழுகிச் சாகும்.

"இன்னாய்யா, ரோட்டுக்கா தண்ணி பாய்ச்சுற?" என்று அம்மா கத்துவாள்.

"கரண்டு சும்மாதான வருது? ஓடிக்கினு கெடக்கட்டும் உடு."

இறைத்து இறைத்து ஒரு கோடையில் கிணற்றில் உப்பு ஏறியது. அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்து, அப்பாவின் காலடியிலேயே துப்பினாள். பிறகு குடிநீருக்கு அடுத்த ஊருக்குக் குடம் தூக்கினாள். அப்பா அப்போதும் மோட்டாரை ஆட்டோவிலிருந்து மாற்றவில்லை.

தம்பி இப்போது சோலார் பம்ப் போட்டிருக்கிறான். மின்சாரம் மிச்சமாம், சுற்றுச்சூழலுக்கு நல்லதாம். வெயில் அடிக்கும்வரை அது ஓடுகிறது. சொட்டுநீர்க் குழாய் பிரிக்காமல் கொட்டகையில் கிடக்கிறது.

"கொஞ்சம் நிறுத்தேன்டா."

"வெயிலுக்கு இன்னாண்ணா, பில்லா போட்றான்?" என்று சிரித்தான்.

அவன் மனைவி டம்ளரை நீட்டினாள். "கேன் தண்ணிதான் மாமா. நம்ம போர் தண்ணிய வாயில வைக்க முடியல."

தம்பியும் ஒரு டம்ளர் வாங்கி மடமடவென்று குடித்தான்.