ஏழில் ஒரு பங்கு

என் அக்காவுக்குப் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது, வாய் நிற்கவில்லை. பதினாறு வருடமாக மருந்துக் கம்பெனியில் தொட்டி கழுவுகிறாள். குழந்தைகளுக்கான இருமல் சிரப் கலக்கும் தொட்டி. நான் பக்கத்து அறையில் பாட்டிலுக்கு லேபிள் ஒட்டுகிறேன். என் மகளின் கணக்குப் புத்தகத்தை இரவல் வாங்கி, தானே முட்டி மோதி லாக் என்கிற மடக்கைக் கணக்கைப் படித்தவள் அவள். "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று நானே சிரித்திருக்கிறேன்.

தொட்டியைக் காஸ்டிக் கரைசல் விட்டுத் தேய்ப்பார்கள். தோலைப் பொசுக்குகிற சாமான். அது பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை நல்ல தண்ணீரை நிரப்பி நிரப்பித் திறந்துவிட வேண்டும். பழைய தொட்டிக்கு நாலு தடவை. போன மாதம் வந்த புதுத் தொட்டிக்கும் நாலு என்றே, கழுவியதற்குக் கையெழுத்துப் போடும் அட்டையில் சூப்பர்வைசர் அச்சடித்துவிட்டார்.

அக்கா தண்ணீர் மீட்டரைப் பார்த்தாள். எழுநூறு லிட்டர் தொட்டி. திறந்துவிட்டு மறுபடி நிரப்பினால் அறுநூறுதான் பிடித்தது. அப்படியானால் நூறு லிட்டர் அடியிலேயே தங்குகிறது, ஏழில் ஒரு பங்கு. பழையதில் பத்தில் ஒரு பங்குதான் தங்கும்.

அன்று நாலாவது தடவை கழுவி முடித்ததும், அட்டையில் கையெழுத்துப் போடமாட்டேன் என்றாள். சத்தம் கேட்டு லேபிளை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

"தொட்டி கழுவுற நீ எனக்குக் கணக்கு சொல்றியா?" சூப்பர்வைசர் கால்குலேட்டரில் பத்தாயிரம் போட்டு, லாக் பொத்தானை அழுத்தி, அவள் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாரு. நாலு!"

"அந்தப் பொத்தானுக்குப் பத்து மட்டும்தான் சார் தெரியும். நாலு பத்தைப் பெருக்கினா பத்தாயிரம். நாலு ஏழைப் பெருக்கிப் பாருங்க, ரெண்டாயிரத்து நானூறுதான் வரும். உங்க நாலை ஏழோட லாக்கால வகுங்க."

அவளே கால்குலேட்டரைப் பிடுங்கி வகுத்தாள். 4.73.

"அதான், நாலே சொச்சம்!"

"சொச்சத்தை யார் குடிக்கிறது? உங்க வீட்டுப் பிள்ளையா? முக்கால் தடவை கழுவ முடியாது சார். அஞ்சு."

அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெளியே லாரி நிக்குது. கையெழுத்துப் போடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

அவள் சம்பளம் இல்லாமல் எங்கள் இரண்டு குடும்பமும் ஓடாது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, "போட்டுத் தொலையேன்க்கா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"நீ சும்மா இருடி."

அட்டையை வாங்கினாள். அவர் முகம் தெளிந்தது. அவள் நிதானமாக எழுதினாள்: 'நாலு தடவை கழுவியது. காஸ்டிக், இருக்கலாம் என்ற அளவைப்போல் நாலு மடங்கு மிச்சம்.' அதற்குக் கீழே முழுப் பெயரையும் போட்டுவிட்டு, பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நான் போட்டுட்டேன். கீழே நீங்களும் போடுங்க. சிரப் கலக்கலாம்."

பேனாவை வாங்கியவர் அட்டையை இரண்டு முறை படித்தார். என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை, அதையாவது செய்தேன். பிறகு பேனாவை மேசையில் வைத்துவிட்டு, யாரையும் கூப்பிடாமல், தானே போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தார்.

அக்கா மீட்டர் பக்கம் போய் நின்றாள்.

"அறுநூறு வரைக்கும் விடுங்க சார். பாதியிலே மூடிடாதீங்க, நான் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."