ஒரிஜினல் ஆக்கிய அம்பாசிடர்

வீட்டுக் காலிங் பெல்லுக்கு ஒரு சுவிட்ச் வாங்கப் போன வாரம் தேனியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் எடுத்து வைத்த வெள்ளைச் சுவிட்சைச் சரிபார்க்கும் சாக்கில் சும்மா அழுத்தினேன். கம்பியே மாட்டாத சுவிட்ச்; சத்தம் எங்கிருந்து வரும்? எனக்கு மட்டும் கேட்டது, உத்தமபாளையத்து அம்பாசிடரின் கரகரத்த ஹார்ன்.

சிரிக்காதீர்கள். அந்தக் காரில் ஹார்ன் அடிக்க உண்மையிலேயே காலிங் பெல் சுவிட்ச்தான் இருந்தது. ஸ்டியரிங்கில் இருந்தது செத்துப்போனதும், என் நண்பன் ரபீக்கின் அத்தா, அதாவது அவன் அப்பா, வீட்டில் கிடந்த சுவிட்சை டேஷ்போர்டில் திருகிவிட்டார். ஏலக்காய் வியாபாரி. போடிக்கும் குமுளிக்கும் மலை ஏறி இறங்குகிற கார் எங்கே மக்கர் செய்தாலும், கையில் கிடைத்ததை வைத்து அங்கேயே சரிக்கட்டிவிடுவார். கண்ணாடி இறங்காமல் இருக்க மரச்சக்கை. கிளட்ச் மிதியில் டயர்த் துண்டு, ஆள் கொஞ்சம் குள்ளம். கதவைத் திறந்தால் ஏலக்காயும் பெட்ரோலும் கலந்து ஒரு வாசம் வரும். இதில் பாயசம் வைத்தால் எப்படி இருக்கும் என்று கல்லூரி நாட்களில் நானும் ரபீக்கும் ஆராய்ந்திருக்கிறோம்.

அவர் திடீரென்று மாரடைப்பில் போய்விட்டார். கார் வீட்டுப் பக்கவாட்டில் ஒரு வருஷம் அசையாமல் நின்றது. ரபீக்கின் மாமா விற்றுவிடச் சொன்னார். அம்மா (ரபீக்கின் அம்மாவை நானும் அப்படித்தான் கூப்பிடுவேன்) யோசித்துச் சொன்னார்: "ஓடுச்சுன்னா வச்சுக்கிருவோம். ஓடலைன்னா குடுத்துருவோம்."

எனக்கு இது போதாதா? இயந்திரப் பொறியியல் படித்துவிட்டு ஸ்பானரை நேராகப் பிடிக்கத் தெரியாமல் திரிந்த காலம். பழைய கார்ப் பிரியர்களின் வாட்ஸப் குழு ஒன்றில் சேர்ந்து, பார்க்கிற வண்டிக்கெல்லாம் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். குழுவில் எங்களுக்கு ஒரே மந்திரம்: ஒரிஜினல்.

ஞாயிறு விடிந்தால் உத்தமபாளையத்துக்குப் பஸ் ஏறிவிடுவேன். கார்பரேட்டரைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டோம். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ஏலே, என் இட்லிச் சட்டியில என்னடா ஊறுது?" திரும்பப் பூட்டியபோது இரண்டு திருகாணி மிஞ்சியது. நான் மறுபடியும் கழற்றக் கை வைத்தேன். ரபீக் அசரவில்லை. "மிஞ்சுச்சுன்னா கம்பெனிக்காரனவிட நாம நல்லா மாட்டியிருக்கோம்னு அர்த்தம் மாப்ள."

நாலாவது மாதம் எஞ்சின் பிடித்தது. பின்னால் கட்டியிருந்த ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியபடி வந்து நின்றார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்கக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்டது ஓட வேண்டும் என்பது மட்டும்தானே? எனக்குத்தான் கை அரித்தது. மதுரையில் தேடி அசல் ஹார்ன் வாங்கிவந்து சுவிட்சைப் பிடுங்கினேன். சக்கை, டயர்த் துண்டு எல்லாம் போயின. பழைய தேங்காய்நார் சீட்டுக்குப் பதில் புது ஃபோம். பின்னால் இடது கதவில் பச்சை நைலான் கயிறு ஒன்று வளையமாகத் தொங்கியது. "அசிங்கமா இருக்குடா" என்று நானே பிளேடால் அறுத்தேன். பழைய இரும்புக்காரர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போனார். வெள்ளை பெயிண்ட் அடித்துப் படம் போட்டதும் குழுவில் கைதட்டல் கொட்டியது.

"வாங்கம்மா, சின்னமனூர் வரைக்கும் ஒரு ரவுண்டு." அம்மா பின்னால் இடது பக்கம் ஏறினார். போய்த் திரும்பினோம். வீட்டு வாசலில் நாங்கள் இருவரும் இறங்கிப் பாராட்டுக்காக நின்றோம். அவர் இறங்கவில்லை. கண்ணாடி வழியே பார்த்தேன். அவர் கை கதவின் உள்பக்கத்தில் மேலும் கீழுமாக எதையோ தடவிக்கொண்டிருந்தது.

ரபீக் வெளியிலிருந்து திறந்துவிட்டான்.

"இங்கன ஒரு கயிறு இருக்குமே?"

"எடுத்துட்டோம்மா. இப்ப எல்லாம் ஒரிஜினல் கைப்பிடி" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் இடது மணிக்கட்டைக் காட்டினார். எப்போதோ உடைந்து கோணலாகச் சேர்ந்த எலும்பு. "இந்தக் கையி கைப்பிடியத் திருக மாட்டேங்குதுன்னு, இழுத்தாத் தொறக்குற மாதிரி அவுகதான் கட்டிவிட்டாக." பிறகு குனிந்து முன்பக்கம் பார்த்தார். டேஷ்போர்டு, மிதி, கண்ணாடி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "காரு நல்லாருக்குப்பா. அவுக வச்சது ஒண்ணக்கூடக் காணோம்."

திட்டவில்லை. காபி போட உள்ளே போய்விட்டார். ரபீக் தெருமுனை வரை ஓடினான். இரும்புக்காரர் போய் இருபது நாள் ஆகியிருந்தது. அடுத்த வாரம் அம்மாவே தன் அண்ணனுக்குப் போன் போட்டார். "குடுத்துருண்ணே." நன்றாக ஓடிய கார். குமுளிக்கு அந்தப் பக்கம் எங்கேயோ கல்யாண வாடகைக்கு ஓடுகிறதாம்.

அந்த ஞாயிறுகள் முடிந்துபோயின. ரபீக் கோயம்புத்தூர் வேலைக்குப் போய்விட்டான். பேசினால் பேசுவான், மாப்ள என்று மட்டும் கூப்பிடுவதில்லை. நானும் அந்த வீட்டுப் பக்கம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. போனில் 'முன்பு' என்று சேமித்த படங்களை நேற்றுத் தேடினேன். எல்லாமே துருவும் ஓட்டையும்தான்; குறைகளை மட்டுமே படம் எடுத்திருக்கிறேன். ஒன்றில் மட்டும் கயிறு முழுசாகத் தெரிகிறது. அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, 'தூக்க வேண்டியது' என்று நானே எழுதியிருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை உத்தமபாளையம் போகிறேன். வட்டத்தை அழித்துவிட்டுக் காட்டலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். அழிக்கப் போவதில்லை. அம்மா கையில் அப்படியே கொடுக்கப் போகிறேன்.