பஞ்சர் ஆகாத சைக்கிள்

எங்கள் ஊர்ப் பொங்கல் ஓட்டப்பந்தயத்துக்குப் போன வருஷம் ஐந்து கிலோமீட்டர் பாதையை அளந்தவன் நான்தான். பைக் மீட்டரைப் பார்த்து அளந்தேன். அதில் முதலாவதாக வந்த என் அண்ணன் மகளுக்கு, பிறகு புதுக்கோட்டை மைதானத்தில் அதே தூரத்தை ஓட இரண்டு நிமிஷம் கூடுதலாக ஆகிவிட்டது.

"சித்தப்பா, ஒங்க அஞ்சு கிலோமீட்டரு தண்ணி ஊத்துன பாலு," என்றாள்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. இந்த வருஷம் சரியாக அளந்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

தைலமரக் காட்டுக்குள் செல்போன் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு தூரம் காட்டியது. அதனால் சைக்கிளின் முன்சக்கரத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்று டேப் வைத்துப் பார்த்தேன். இரண்டாயிரத்து முந்நூற்று எண்பது சுற்று வர வேண்டும். ஏறி உட்கார்ந்தால் டயர் அமுங்கிக் கணக்கு மாறும். ஆகவே தள்ளிக்கொண்டு, ரிப்பனைப் பார்த்து எண்ணியபடி நடந்தேன்.

கண்மாய்க் கரையில் மாடு மேய்த்தவர், "பஞ்சரா தம்பி?" என்றார்.

கேட்டவருக்குப் பதில் சொல்லாமல் போக எனக்கு வராது. "இல்லங்க," என்றேன். நானூற்றுப் பன்னிரண்டா, இருபத்திரண்டா? திரும்பிப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். அடுத்து விறகு சுமந்து வந்த அம்மாவும் அதையே கேட்டார்.

மறுநாள் வாய் நிறையத் தண்ணீரோடு கிளம்பினேன். ஆயிரத்து எழுநூறு வரை பிசகவில்லை. எதிரே வந்த லோடு ஆட்டோக்காரர், "என்னண்ணே, பல்லு வலியா? பஞ்சரு வேறயா?" என்று இறங்கி, நான் தலையாட்டி முடிப்பதற்குள் சைக்கிளைத் தூக்கி வண்டியில் போட்டார். தங்கமான மனுஷர். தண்ணீரை விழுங்கும்போது சொல்ல வந்ததையும் சேர்த்து விழுங்கிவிட்டேன். பஞ்சர் கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கி முக்கிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லயே," என்று வருத்தப்பட்டார்.

மூன்றாம் நாள் என் மனைவி கூடவே வந்தாள். "நீங்க எண்ணுங்க. பேசுறத நான் பேசிக்கிறேன்."

பேசினாள். மாடு மேய்ப்பவரின் மகளுக்கு வரன் பார்ப்பது வரை பேசினாள். அவளை விட்டுவிட்டுப் போனால் அடுத்த ஆள் என்னைக் கேட்பார் என்று, பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றேன். போன வருஷத்து முடிவுக் கோட்டுக்கு வந்தபோது நூற்று நாற்பத்திரண்டு சுற்று பாக்கி இருந்தது. அதையும் தள்ளி முடித்த இடம் பஞ்சர் கடை வாசல்.

"வாங்கண்ணே," என்று கடைக்காரர் எழுந்தார். "இன்னைக்கு ரெண்டு டயருமா?"

நான் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டேன்.

பந்தயத்தன்று அந்தக் கோட்டைத் தாண்டியதும் அண்ணன் மகள் கடை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாட்சைப் பார்த்தாள்.

"பாலு கெட்டி, சித்தப்பா," என்றாள் மூச்சு வாங்க.

கடைக்காரர் பம்பை எடுத்துக்கொண்டு வந்தார். "காத்து அடிக்கவாம்மா?"