பூச்சிக்காக அழுத தங்கை

மகளுக்கு வாங்கிய பூச்சி மாத்திரையைப் பிரித்ததும் எழுந்த ஆரஞ்சு வாசனை என்னைச் சிங்கப்பூர் சுவா சூ காங்கில் நாங்கள் இருந்த பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனது.

அப்போது ஐந்து வயதாயிருந்த என் தங்கை கமலி ஆசனவாய் அரிப்பால் தூங்காமல் அழுதாள். வயிற்றில் பூச்சி என்ற டாக்டர், எங்கள் வீட்டில் எல்லாரையும் மாத்திரை சாப்பிடச் சொன்னார்.

"இதச் சாப்பிட்டா பூச்சிக்குச் சக்கரை கிடைக்காது. பட்டினியில செத்து வெளிய வந்துரும்," என்றார் அப்பா.

கமலி வாயைப் பொத்திக்கொண்டாள். "பாவம்ப்பா, அதுக்குப் பசிக்கும் லா!" என்று மறுபடி அழுதாள்.

அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டார். "அது உன் சாப்பாட்டத்தான் திருடுது. நேத்து நீ சாப்பிட்ட சிக்கன் ரைஸும் அதுக்குத்தான் போச்சு."

"என் சிக்கன் ரைஸா?" கமலி மாத்திரையைப் பிடுங்கி மென்றாள். சில நாளில் நிம்மதியாகத் தூங்கினாள்.

இன்று என் மகள் மென்றுவிட்டு, "டேஸ்ட் ஓகே லா," என்று விளையாடப் போனாள். பூச்சியைப் பற்றி விசாரிக்கவே இல்லை.