சாயக்காரர் என்றும் படிக்கலாம்

எங்கள் ஆவண அறையில் இருபத்தாறு வருடமாக ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பவருக்கு 'பூதக்கண்ணாடி' என்று பட்டப்பெயர். பக்கத்து மேசைக்காரி நான் மட்டும் அக்கா என்பேன். கிழிந்த பழைய பதிவேடுகளைப் படித்துப் புதிதாக எழுதிவைப்பது அக்காவின் வேலை. பூச்சி அரித்த இடத்தில் எத்தனை எழுத்து போயிருக்கிறதோ அத்தனை புள்ளி வைப்பாரே தவிர, ஊகித்து ஒரு எழுத்து எழுதமாட்டார்.

"அங்க 'வீடு'ன்னுதான் இருந்திருக்கும், போட்டுட்டுப் போங்களேன்" என்பார் மேலாளர்.

"நீங்க பாத்தீங்களா சார்?"



அக்காவின் குடும்பத்துக்கு ஊரில் 'மாயக்காரர் வீடு' என்று பெயர். முந்நூறு வருடத்துக்கு முன் வாழ்ந்த அந்த மாயக்காரர் கோபத்தில் ஓடையையே சிவப்பாக்கினாராம். முழங்கை வரை அவர் கை நீலமாம். ஒரு குழந்தையைத் தூக்கினார், அது அப்படியே நீலம் பாரித்துப் போனதாம். ஓடையும் கையும் கதையோடு நின்றுவிட்டன, குழந்தை விஷயம் மட்டும் நிற்கவில்லை. அந்த வீட்டுக்காரர்கள் கையில் ஊரில் யாரும் பிள்ளையைக் கொடுக்கமாட்டார்கள். முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. சளி, காய்ச்சல், பசி என்று நாசூக்காக ஏதாவது வரும். அக்காவும் புரிந்துகொண்டு, இரண்டடி தள்ளி நின்றே விரலைச் சொடுக்கி விளையாட்டுக் காட்டுவார். கல்யாணம் அமையவில்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. ஐம்பத்து மூன்று வயதுவரை ஒரு குழந்தையைக் கையில் வாங்கியதே இல்லை.

நான் மட்டும் என்ன யோக்கியம்? எட்டு வருடம் காத்திருந்து எனக்கு மகள் பிறந்தபோது அக்கா கிலுகிலுப்பை வாங்கிக்கொண்டு ஆசையாகப் பார்க்க வந்தார். கதவோரம் நின்ற மாமியார் கண்ணாலேயே என்னை மிரட்டினார். "பால் குடிக்கிற நேரம்க்கா" என்றேன். வயிறு முட்டக் குடித்துவிட்டு ஏப்பம் விட்டுக்கொண்டிருந்தது குழந்தை. அக்கா கிலுகிலுப்பையைக் கட்டில் ஓரத்தில் வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு என்னை நினைத்து எனக்கே கேவலமாக இருந்தது.

ஏழு மாதம் போனது. மழையில் அறைக் கூரை ஒழுக, அலமாரிகளை நகர்த்தினோம். பின்னால் எப்போதோ விழுந்து கிடந்த ஒரு காகிதக் கட்டுக்குள் புகார் ஏடு ஒன்று இருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்தபடியே அக்கா அதைப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"இதப் படிடி."

'சாயக்காரர் ஈரக் கையால் குழந்தையைத் தூக்கியதில் அதன் சட்டை நீலமாயிற்று. பதிலுக்குப் புதுச் சட்டை வேண்டி மனு.'

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாயக்காரர் கதைக்கு ஆதாரம் என்று ஊரே காட்டும் பழைய நகல் ஒன்று எங்கள் அறையில்தான் இருக்கிறது. அதில் 'மாயக்காரர் கையால் குழந்தையைத் தூக்கியதில் அது நீலமாயிற்று' என்று இருக்கும். துணிக்குச் சாயம் போடுகிற மனிதர்! சாயத் தொட்டியைத் திறந்துவிட்டால் ஓடை சிவக்காமல் என்ன செய்யும்? வேறொரு பிரதியிலிருந்து நகல் எடுத்தபோது, பூச்சி தின்ற இடங்களில் புள்ளி வைக்காமல், எவனோ ஒரு புண்ணியவான் இஷ்டத்துக்கு நிரப்பிவிட்டுப் போயிருக்கிறான்.

நான் சிரித்தேன். அக்கா அழுதார். "சட்டைடி. வெறும் சட்டை."

இதை ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருக்க வேண்டாமா? அக்கா எழுதிய குறிப்பு இதுதான்: 'இரண்டும் ஒரே மனுவாக இருக்கலாம். இந்த ஏட்டில் வருடம் எழுதிய மூலை கிழிந்திருப்பதால் உறுதியில்லை.'

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க தலையில நீங்களே மண்ண வாரிப் போட்டுக்கறீங்களேக்கா! உறுதின்னு எழுதுங்க."

"வருஷத்த நான் பாக்கலையேடி."

இப்படியும் ஒரு மனுஷி! குறிப்பை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். ஊர் அந்த 'இருக்கலாம்' ஒன்றைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. "இருக்கலாம்னா, இல்லாமலும் இருக்கலாம்" என்றார் என் மாமியார், வழக்கில் ஜெயித்த வக்கீல் மாதிரி.

மறுநாள் காலையில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போனேன். நேராக அக்கா மேசைக்குப் போய் நின்றேன்.

"பிடிங்கக்கா."

அக்கா நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். "உன் மாமியாருக்குத் தெரியுமா?"

"தெரியும். வீட்டுல ஒரே ரகளை."

"இன்னும் உறுதியாகலடி. வருஷத்தத் தேடிட்டுத்தான் இருக்கேன். ஒருவேளை அவரு நெஜமாவே..."

"மாயக்காரராவே இருந்துட்டுப் போகட்டும். எனக்குக் கை வலிக்குது, பிடிங்க."

எப்படி வாங்குவது என்றே அவருக்குத் தெரியவில்லை. தட்டு ஏந்துகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினார். நான்தான் ஒரு கையை முதுகிலும் ஒரு கையை அடியிலும் வைத்துவிட்டேன். மகள் ஒரு நிமிடம் அவர் முகத்தையே உற்றுப் பார்த்தாள். பிறகு தோளில் சாய்ந்து, புடவையைச் சப்ப ஆரம்பித்தாள். அக்கா மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றார். எனக்குக் கண் கலங்கியது. வேலை இருக்கிறமாதிரி திரும்பிக்கொண்டேன்.

மதியம் பால் கொடுக்கக் குழந்தையைக் கேட்டேன். அக்கா தரவில்லை.

"இப்பத்தான்டி கண் அசந்தா. போய் உன் வேலையப் பாரு."