மலைக்குக் காட்டிய தாலி

நான் வேலை பார்க்கும் நகைக்கடைக்குள் பகலும் கிடையாது, இரவும் கிடையாது. காலையில் உள்ளே போனால் மஞ்சள் விளக்கு, ஏசி குளிர், கண்ணாடிக்குக் கண்ணாடி மிதக்கும் தங்கம், அவ்வளவுதான் உலகம். தேரடி வீதியில் மேற்குப் பார்த்த வாசல். கதவைத் திறந்தால் எதிரே கோபுரமும் அதன் பின்னால் மலையும் நிற்கும். ஆனால் கதவுக் கண்ணாடி முழுக்க, கழுத்து கொள்ளாமல் நகை போட்ட ஒரு நடிகையின் படத்தை ஒட்டி வைத்திருந்தார்கள். அண்ணாமலையாரையே மறைத்துக்கொண்டு அந்தம்மா சிரித்துக்கொண்டிருப்பார். பௌர்ணமி அன்று கிரிவலம் முடித்தவர்கள் நகை பார்க்கிற சாக்கில் உள்ளே வந்து, சுட்டுப்போன பாதங்களைச் சில்லென்ற தரையில் வைத்துக் கண் சொக்கி நிற்பார்கள். அவர்களைப் பார்த்து எனக்கும் சொக்கும். அப்படிச் சொக்கினதில்தான் வினை வந்தது.

எனக்குத் தாலி கவுண்டர். எங்கள் வேலையில் விற்பதைவிடக் காப்பதுதான் ஜாஸ்தி. ஒரு தட்டு உள்ளே போகாமல் இன்னொரு தட்டு வெளியே வரக்கூடாது. வாடிக்கையாளருக்கு முதுகைக் காட்டக்கூடாது. கவுண்டரை விட்டு வெளியே வரவே கூடாது. கால்மாட்டில் ஒரு பட்டன் இருக்கும். பில் போடாத நகையோடு யாராவது கதவுப் பக்கம் போனால் அதை மிதிக்க வேண்டும். மணி அடிக்கும், வாசலில் காவலுக்கு நிற்கிற அண்ணன் பாய்ந்து பிடிப்பார்.

ஒரு பௌர்ணமி மத்தியானம் கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். குழந்தை தூக்கக் கண்ணோடு என் விரலைப் பிடித்துக்கொண்டது. என்ன பிடி அது! நான் அதனிடம் கொஞ்சிவிட்டு நிமிர்ந்தபோது அவளையும் காணோம், தாலியோடு கோக்கிற ஒரு ஜோடி குண்டையும் காணோம். எத்தனை நேரம் கொஞ்சினேன் என்று மேனேஜர் கேட்டார். எனக்கே தெரியவில்லை.

"இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வூட்லயே இருந்துக்கோம்மா" என்றார்.

வீட்டில் இருக்க முடியாத நிலைமை எனக்கு. வேங்கிக்காலில் வாடகை வீடு. என் புருஷன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு போய்ப் படுத்திருக்கிறார். மகள் நர்சிங் இரண்டாம் வருஷம். இந்தக் கவுண்டர் போனால் அவள் படிப்பும் போச்சு. அதற்கப்புறம் நான் குழந்தைகளைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டேன். வருகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் கையை மட்டும் பார்க்கப் பழகினேன்.

மழை இருட்டிக்கொண்டு வந்த ஒரு காலையில் கீழ்பென்னாத்தூரிலிருந்து புருஷனும் பெஞ்சாதியுமாக இரண்டு பேர் வந்தார்கள். மகனுக்குக் கல்யாணம். அந்தம்மா தங்கள் வீட்டு வழக்கப்படியான தாலியைத் தேடித் தட்டு தட்டாகப் பார்த்தார். நான்காவது தட்டில் கிடைத்தது. "இதாங்க, எங்க மாமியா கழுத்துல இருந்தது அச்சு இப்படியேதான்" என்று சொன்னபோது அவருக்குக் கண் கலங்கியிருக்கும். கலங்கிய கண்ணை நான் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பில் போடுகிற ஆளிடம் சொல்லிவிட்டு, குனிந்து தட்டை உள்ளே வைத்தேன். ஒரு நொடிதான். நிமிர்ந்தால் அந்தம்மா ஸ்டூலில் உட்கார்ந்து ஜூஸ் குடித்துக்கொண்டிருக்கிறார். தாலி இல்லை. அவர் புருஷன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போகிறார்.

மிதித்துவிட்டேன்.

மணி அடித்தது. கடை மொத்தமும் திரும்பியது. திறந்த கதவுக்கு அந்தப் பக்கம், வாசல் படியில், காவல்கார அண்ணன் அவருடைய தோளைப் பிடித்திருந்தார். அவரோ இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கையில் தாலியை ஏந்தி, கண்ணை மூடி நின்றுகொண்டிருந்தார். தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் மாதிரி மெல்லக் கண்ணைத் திறந்தார்.

"மலைக்குக் காட்டிட்டு வந்துடலாம்னு வந்தேங்க" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் சில வீடுகளில் அப்படித்தான். தாலி வாங்கினால் முதலில் மலை பார்க்க வேண்டும், அப்புறம்தான் மற்றவர் பார்ப்பது. என் தாலியை என் மாமனார் இதே வீதியில் ஒரு சின்னக் கடையின் படியில் நின்று இதே மாதிரி தூக்கிக் காட்டியிருக்கிறார். பில்லுக்கு முன்னாலேதான். கடைக்காரர் பின்னால் நின்று கும்பிட்டார். வேற்றூர்க்காரி மிதித்திருந்தால் தெரியாமல் செய்தாள் எனலாம். இங்கேயே பிறந்தவளுக்கு என்ன கேடு வந்தது?

அவர் உள்ளே வந்து தாலியை என் முன்னால் வைத்தார். அந்தம்மா டம்ளரைக் கீழே வைத்தார்.

"இன்னாத்துக்கும்மா மணி அடிச்ச? என் வூட்டுக்காரரத் திருடன்னு நெனச்சிட்டியா?"

"உடு. வேற கடை பாத்துக்கலாம்" என்றார் அவர், யார் முகத்தையும் பார்க்காமல்.

தூரத்திலிருந்து மேனேஜர் எனக்குத் தலையசைத்தார். சரியாகச் செய்தேனாம். என் வாழ்க்கையில் அவ்வளவு அசிங்கமாக ஒரு பாராட்டு வாங்கினதில்லை.

அதற்குப் பிறகு செய்ததை யோசித்துச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன். தாலியை எடுத்தேன். கவுண்டரின் சின்னக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன். பின்னால் மேனேஜர் கூப்பிடுவது தண்ணீருக்கு அடியில் கேட்கிற மாதிரி கேட்டது. மகளின் காலேஜ் பை கண்ணில் வந்து போனது. ஆனாலும் கால் நிற்கவில்லை. அண்ணன் வழிவிட்டார்.

வாசல் படியில் ஈரக் காற்றும் தூறலும். கோபுரத்தின் உச்சியைக் காணோம், மலையைச் சுத்தமாகக் காணோம், மேகம் இறங்கி வீதி வரைக்கும் வந்திருந்தது. மலை இருக்கிற இடத்தைக் குத்துமதிப்பாக வைத்து இரண்டு கையையும் தூக்கினேன். எத்தனை நேரம் நின்றேனோ. பூக்காரம்மாவும் ஆட்டோக்காரர்களும் கொஞ்சம் தள்ளி எங்கோ கனவில் இருப்பவர்கள் போல நகர்ந்தார்கள். பக்கத்தில் ஆள் அரவம் கேட்டுத் திரும்பினால் அவர்கள் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

"மலை தெரியலீங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"நமக்குத் தெரியலன்னா இன்னாம்மா? அதுக்கு நாம தெரியறோம்ல" என்றார் அவர். "உள்ள வா, நனையாத."

அந்தத் தாலியையே வாங்கிக்கொண்டார்கள். போகும்போது அவர் மேனேஜரிடம், "அந்தம்மாவ ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜரும் என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆனால் திறந்த கவுண்டரை விட்டுப் போனவளை மறுபடி அங்கே நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை. மாடியில் கேமரா அறையில் போட்டார். சம்பளம் கொஞ்சம் கம்மி. படிப்பு ஓடுகிறது.

இப்போது தாலி எடுப்பவர்களிடம் கவுண்டரிலேயே கேட்கிறார்கள், மலைக்குக் காட்டணுமா என்று. காவல்கார அண்ணன் கூடவே போய்ப் படியில் நிற்கிறார். மாடியில் என் எதிரே வரிசையாகத் திரைகள். வாசலைக் காட்டும் திரையில் வெளிச்சம் கூசி வெளியே எல்லாம் வெறும் வெள்ளையாகத்தான் தெரியும். மலை விழாது. அந்த வெள்ளைக்குள் போய் இரண்டு கைகள் உயருவது மட்டும் தெரியும்.

மணிப் பட்டன் இப்போது என் மேசை மேல் இருக்கிறது. எந்நேரமும் அதில் விரல் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அந்தக் கைகள் உயரும்போது மட்டும் என் இரண்டு கைகளும் கும்பிட்டுக்கொண்டிருக்கும்.